ஆறு கிலோக் குழந்தையும் அரை லிட்டர் பாட்டிலும்

தேனி மாவட்ட அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டுகளில் பணியாற்றும் செவிலியர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வைகை அணை



பாடநூலில் மூச்சு நுண்குழல் அழற்சி, வார்டில் பிராங்கியோலைட்டிஸ், கம்பம் பள்ளத்தாக்குத் தாய்மாரின் பேச்சில் ‘நெஞ்சு கரகரங்குது, பால் குடிக்க மாட்டேங்குறான்’: மூன்றும் ஒரே நோய். இரண்டு வயதுக்குள் வருவது; முதல் ஆறு மாதங்களில் வந்தால் கடுமை கூடுதல். மூக்கொழுகலில் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் இருமலாகி, நான்காம் ஐந்தாம் நாளில் இளைப்பும் விலா உள்வாங்கலுமாக முற்றும். பெரும்பாலும் காரணம் ஆர்.எஸ்.வி. எனப்படும் வைரஸ். மருந்தென்று பெரிதாக எதுவும் இல்லை. சால்பூட்டமால், ஸ்டீராய்டு இரண்டையும் கொடுக்க வேண்டாம், பாக்டீரியா தொற்று உறுதியாகாமல் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்லிவிட்டது. மிஞ்சுவது ஆக்சிஜனும் நீரும். ஆக்சிஜன் அளவை விரலில் மாட்டிய கருவி ஓயாமல் காட்டிக்கொண்டிருக்கிறது. நீர் விஷயத்தில் அப்படிக் கத்தி எழுப்பும் கருவி எதுவும் இல்லை. பாட்டில் தொங்குகிறது, சொட்டு விழுகிறது, அதோடு கவனம் வேறு கட்டிலுக்குப் போய்விடுகிறது.

அந்தச் சொட்டில் ஒரு ஹார்மோனின் கதை இருக்கிறது. அதன் மூன்று பாத்திரங்களும் 1957இல் அறிமுகமானவை. சிம்பன்சிகளிடம் அதற்கு முந்தைய ஆண்டில் கண்டறியப்பட்ட இந்த ஆர்.எஸ்.வி.யை ராபர்ட் சானக் குழுவினர் சுவாச நோயோடு இருந்த குழந்தைகளிடமிருந்து பிரித்தெடுத்தது அந்த ஆண்டில். நுரையீரல் புற்றுநோயாளிகள் இருவரின் ரத்தத்தில் சோடியம் சரிந்துகொண்டே போனதைப் பார்த்து, தேவையில்லாத நேரத்தில் சுரக்கும் ஹார்மோனே காரணம் என்று ஷ்வார்ட்ஸும் பார்ட்டரும் எழுதியதும் அந்த ஆண்டில். வாய்வழி உண்ண முடியாத குழந்தைக்கு ஒரு நாளில் எவ்வளவு திரவம் ஏற்றலாம் என்று ஹாலிடேயும் சீகரும் சூத்திரம் வகுத்ததும் அதே 1957தான். ஒன்றுக்கொன்று தொடர்பு இருப்பது அப்போது யாருக்கும் தெரியாது. அந்த ஆண்டில் ஆண்டிபட்டி அருகே வைகையின் குறுக்கே அணை எழும்பிக்கொண்டிருந்தது. 1959 ஜனவரியில் திறக்கப்பட்டது. இந்த ஊர்க்காரர்களுக்கு மேலே சொன்ன மூன்றையும் இணைத்துப் புரிந்துகொள்ள அந்த அணையே போதும்.

ஹார்மோனின் பெயர் வாசோபிரசின். வார்டில் ஏ.டி.ஹெச். ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன சின்ன மூலக்கூறு. இதைச் செயற்கையாக உருவாக்கிக் காட்டிய வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955இல் நோபல் பரிசு கிடைத்தது. மூளையின் ஹைப்போதலாமஸில் உருவாகி, பிட்யூட்டரியின் பின்பகுதியில் சேமிக்கப்பட்டு, தேவைப்படும்போது ரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகத்தின் சேகரிப்புக் குழாய்களில் நீர்வாயில்களைத் திறந்துவிடுவது இதன் வேலை. வாயில் திறந்தால் சிறுநீராக வெளியேற வேண்டிய நீர் உடலுக்கே திரும்பிவிடும். சிறுநீர் குறைந்து, அடர்ந்து, மஞ்சளாகும். அதாவது இது அணையின் மதகை அடைக்கும் ஹார்மோன். உப்பை அது தொடுவதில்லை. நீரை மட்டும் பிடித்து வைக்கிறது.

மதகை எப்போது அடைப்பது என்பதை உடல் இரண்டு அளவுகோல்களால் அறிகிறது. ஒன்று, ரத்தத்தின் செறிவு. அது நூற்றில் ஒரு பங்கு கூடினாலே ஹார்மோன் சுரக்கும், குறைந்தால் நின்றுவிடும். மற்றொன்று, இதயத்தின் இடது மேலறையிலும் பெருந்தமனியிலும் கழுத்துத் தமனியிலும் உள்ள அழுத்த உணர்விகள். ரத்த ஓட்டம் குறைந்துவிட்டது என்று அவை செய்தி அனுப்பினால், செறிவு அளவுகோல் என்ன சொன்னாலும் மூளை கேட்காது. உயிர் பிழைக்க முதலில் ரத்த ஓட்டம் வேண்டும், உப்புக் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது உடலின் விதி.

மூச்சு நுண்குழல் அழற்சியில் கெடுவது இந்த இரண்டாவது அளவுகோல். சளியும் வீக்கமும் சிறு குழல்களை அடைக்கும்போது காற்று உள்ளே போகிறது, வெளியே வர முடிவதில்லை. எக்ஸ்ரேயில் நெஞ்சு உப்பி, உதரவிதானம் தட்டையாகத் தெரிவது அதனால்தான். சிக்கிய காற்று நுரையீரலின் ரத்தக் குழாய்களை நெருக்க, இதயத்தின் இடப்புறத்துக்கு வந்து சேரும் ரத்தம் குறைகிறது. மேலறை உணர்விகளுக்கு உடலே வறண்டுவிட்டதாகத் தோன்றுகிறது. வருசநாட்டு மலையில் மழை கொட்டியும், ஆற்றின் வழியில் எங்கோ மண் சரிந்து நீர் தேங்கி நின்றுவிட்டதாக வைத்துக்கொள்ளலாம். 71 அடி கொள்ளும் அணையின் அளவுகோல் 50 அடி காட்டும். பொறியாளர் மதகை அடைப்பார். அவர் செய்ததில் பிழையில்லை. அளவுகோலுக்கு வந்த செய்தியில்தான் பிழை. இதோடு ஆக்சிஜன் குறைவு, காய்ச்சல், வாந்தி, ஊசி வலி, மூச்சுக்கு உதவும் அழுத்தக் கருவி எல்லாம் சேர்ந்து அதே ஹார்மோனை மேலும் சுரக்கவைக்கின்றன.

1990இல் வெளியான ஆய்வுகளில் இது அளந்தே காட்டப்பட்டது: ஆர்.எஸ்.வி. தொற்றுள்ள குழந்தைகளின் ரத்தத்தில் ஏ.டி.ஹெச். உயர்ந்திருந்தது. அதே ஆண்டின் இன்னொரு ஆய்வில் ரெனினும் ஆல்டோஸ்டிரோனும்கூட உயர்ந்திருந்தன. இது கவனிக்க வேண்டிய இடம். ஷ்வார்ட்ஸும் பார்ட்டரும் விவரித்த அசல் நோயில் உடலில் நீர் மிகுந்திருப்பதால் ரெனின் தாழ்ந்திருக்க வேண்டும். இங்கே உயர்ந்திருக்கிறது. ஆகவே அந்த அசல் நோயின் பெயரான எஸ்.ஐ.ஏ.டி.ஹெச். என்ற முத்திரையை இந்த நோயின் மேல் அப்படியே குத்துவது முழுச் சரியல்ல. ஹார்மோன் தறிகெட்டுச் சுரக்கவில்லை. தவறான செய்தியை நம்பிச் சுரக்கிறது. பெயரைப் பற்றிய வாதம் எப்படிப் போனாலும், வார்டுக்குத் தேவையான உண்மை ஒன்றுதான்: மதகு அடைபட்ட குழந்தைக்குள் ஊற்றப்படும் நீர் வெளியே வராது.

ஊற்றப்படும் நீர் என்ன என்பது அடுத்த கேள்வி. ஹாலிடே, சீகர் சூத்திரப்படி முதல் பத்துக் கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லி. ஆறு கிலோக் குழந்தைக்கு ஒரு நாளில் 600 மில்லி, மணிக்கு 25. உப்பின் அளவை அவர்கள் பாலில் இருக்கும் அளவை வைத்து நிர்ணயித்தார்கள். ஆரோக்கியமான குழந்தைக்கு அது பொருந்தும். மிகுந்த நீரை அதன் சிறுநீரகம் கழித்துவிடும். அந்தக் கணக்கிலிருந்து பிறந்தவைதான் உப்பு குறைந்த திரவங்கள். நம் வார்டுகளில் ‘ஐசோ-பி’ என்று ஒற்றைச் சொல்லில் கேட்டு வாங்கப்படும் ஐசோலைட்-பி அந்த வம்சம். ஒரு லிட்டரில் சுமார் 25 மில்லி ஈக்விவலன்ட் சோடியம். ரத்தத்தில் இருப்பது 135 முதல் 145. நார்மல் சலைனில் 154. ஆக 600 மில்லி ஐசோ-பியில் குழந்தைக்குக் கிடைப்பது 15; அதே அளவு டி.என்.எஸ்.ஸில், அதாவது சர்க்கரை கலந்த நார்மல் சலைனில், 92. முதலாவதில் சர்க்கரை எரிந்து தீர்ந்ததும் மிஞ்சுவதில் பெரும்பங்கு வெறும் தண்ணீர்.

அந்தத் தண்ணீர் செய்வதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். ஆறு கிலோக் குழந்தையின் உடலில் சுமார் 3.6 லிட்டர் நீர். ரத்தச் சோடியம் 138 என்று கொண்டால், 200 மில்லி தனி நீர் உள்ளே தங்கிவிட்டால் அது 131 ஆகிவிடும். 300 மில்லி தங்கினால் 127. இருநூறு மில்லி என்பது ஒரு டம்ளர். பெரியவருக்கு ஒரு மடக்கில் போகும் அளவு.

சோடியம் சரிந்தால் நீர் செல்களுக்குள் புகும். மூளையின் செல்களும் வீங்கும். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு இது விரைவில் ஆபத்தாகிறது. மண்டையோட்டின் கொள்ளளவோடு ஒப்பிட்டால் அவர்களின் மூளை பெரிது; வீங்க இடம் குறைவு. செல்லிலிருந்து உப்பை வெளியேற்றி வீக்கத்தைத் தணிக்கும் பம்புகளும் முழுத் திறனுக்கு வந்திருக்காது. லண்டனில் தீவிர சிகிச்சைக்கு வந்த ஆர்.எஸ்.வி. குழந்தைகளைப் பற்றி 2003இல் வெளியான ஆய்வில், சோடியம் அளக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது குறைந்திருந்தது. சிலர் வலிப்போடுதான் வந்தார்கள். நம் நாட்டில் 1990களின் தொடக்கத்திலேயே சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் நிமோனியாக் குழந்தைகளைப் பார்த்தபோது நான்கில் ஒருவருக்கு மேல் சோடியம் குறைந்திருந்தது. இரண்டும் வேறு நோய்கள்தான். ஆனால் நெஞ்சும் ஹார்மோனும் ஒன்று.

சூத்திரம் வந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துத்தான் திருத்தம் வந்தது. 2003இல் மோரிட்ஸும் ஆயுஸும் மருத்துவமனையில் படுத்திருக்கும் குழந்தைக்கு ரத்தத்துக்கு நிகரான உப்புள்ள திரவமே பாதுகாப்பு என்று வாதிட்டார்கள். பிரிட்டனின் நோயாளர் பாதுகாப்பு அமைப்பு 2007இல் 0.18 விழுக்காடு சலைனைக் குழந்தைகளின் பொதுப் பயன்பாட்டிலிருந்து விலக்கச் சொன்னது. அந்நாட்டின் நைஸ் வழிகாட்டுதல் 2015இலும், அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2018இலும் அதையே உறுதிசெய்தன. பிந்தையது 28 நாள் முதல் 18 வயது வரைக்குமானது. பச்சிளம் சிசுவின் கணக்கு வேறு. ஆக ஒரு மாதம் தாண்டிய இளைப்புக் குழந்தைக்கு டிரிப் வேண்டுமென்றால் டி.என்.எஸ்., சிறுநீர் கழிந்த பிறகு அதில் பொட்டாசியம். ஐசோ-பி அலமாரியில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதைத் தவிர அதைப் போட இப்போது வேறு நியாயம் இல்லை.

அளவும் குறைய வேண்டும். ஹார்மோன் மிகும் அபாயம் இருந்தால் வழக்கமான அளவை 50 முதல் 80 விழுக்காடாகக் குறைத்துக் கொடுப்பதைப் பரிசீலிக்கச் சொல்கிறது நைஸ். மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்தால் நம் ஆறு கிலோக் குழந்தைக்கு 400 மில்லி, மணிக்கு 17 மில்லி. மைக்ரோ டிரிப் செட்டில் 60 சொட்டு ஒரு மில்லி என்பதால் மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு: பதினேழு. கடிகார முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றால் மூன்றரை விநாடிக்கு ஒன்று விழும். மைக்ரோ செட் தீர்ந்துபோய், பெரியவர்களுக்கான செட்டை மாட்டி அதே பதினேழை எண்ணி வைத்தால் மணிக்கு 51 மில்லி போகும். அதில் 20 சொட்டே ஒரு மில்லி. எண்ணியவர் சரியாகத்தான் எண்ணியிருப்பார். இன்ஃப்யூஷன் பம்ப் இல்லாத வார்டில் இரவு நேரத்தில் குழந்தைக்கு மேலே முழு 500 மில்லி பாட்டிலைத் தொங்கவிடாமல், பியூரெட் செட்டில் இரண்டு மூன்று மணி நேர அளவை மட்டும் நிரப்புவது இதற்காகத்தான். குழந்தை கையை உதறி உருளை தளர்ந்தாலும் அதற்கு மேல் போகாது.

குறைப்பதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. இளைப்போடு வரும் எல்லாக் குழந்தையும் நீர் மிகுந்த குழந்தையல்ல. இரண்டு நாள் பால் குடிக்காமல், நிமிடத்துக்கு எழுபது மூச்சு வாங்கி, காய்ச்சலோடு போடியிலிருந்தோ கடமலைக்குண்டிலிருந்தோ வந்து சேரும் குழந்தை உண்மையிலேயே வறண்டிருக்கலாம். உச்சிக்குழி பள்ளமாக, வாய் உலர்ந்து, கைகால் சில்லிட்டிருந்தால் முதலில் நார்மல் சலைனால் பற்றாக்குறையை ஈடுகட்ட வேண்டும். சிக்கனம் அதற்குப் பிறகு. வறண்ட குழந்தை, நீர் மிகுந்த குழந்தை இருவருக்கும் சிறுநீர் குறைவாகத்தான் வரும். சிறுநீர் குறைவு என்ற ஒன்றை மட்டும் பார்த்து டிரிப்பைக் கூட்டுவதுதான் வழுக்குப் பாறை.

இருவரையும் பிரித்துக் காட்டுவது தராசு. வறண்ட குழந்தையின் எடை குறைந்திருக்கும். ஹார்மோன் பிடித்து வைத்த குழந்தை பாலும் சரியாகக் குடிக்காமல், இரண்டாம் நாள் காலையில் 200 கிராம் கூடியிருக்கும். பால் குடிக்காத குழந்தை ஒரே இரவில் கொழுக்காது, கூடியது தண்ணீர். தினமும் அதே நேரத்தில், அதே தராசில், துணியில்லாமல் எடை பார்ப்பது எந்த ரத்தப் பரிசோதனைக்கும் முந்திக்கொள்ளும். சிறுநீருக்கு டயபர் வேண்டுமென்பதில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய வேட்டித் துணியை உலர்ந்தபோது ஒரு தடவை, நனைந்தபோது ஒரு தடவை நிறுத்தால் வித்தியாசம் ஒரு கிராமுக்கு ஒரு மில்லி.

டிரிப்பில் இருக்கும் குழந்தைக்கு வார்டில் சேரும்போதும், பிறகு ஒரு நாளில் ஒரு தடவையாவது சோடியம் பார்க்கப்பட வேண்டும். ரத்தம் எடுக்கும் கை முக்கியம்: டிரிப் ஓடும் அதே கையில், ஊசிக்கு மேலே எடுத்த மாதிரியில் பாட்டில் திரவம் கலந்து வரும், ஐசோ-பியாக இருந்தால் இல்லாத சோடியம் குறைவு இருப்பதாகக் காட்டும். அடைபட்ட மதகை உறுதிசெய்யச் சிறுநீர்ப் பரிசோதனை உதவும். ரத்தம் நீர்த்திருக்கும்போது ஆரோக்கியமான சிறுநீரகம் சிறுநீரையும் நீர்க்கவிடும். இங்கே சிறுநீர் அடர்த்தியாகவே இருக்கும்.

அறிகுறிகளை நம்பிக் காத்திருப்பது சரிவராது. சோடியம் 130க்குக் கீழே போகும்போது குழந்தை சோர்ந்து, வாந்தி எடுத்து, கழுத்து தொய்ந்து, கூப்பிட்டால் கண் திறக்காமல் கிடக்கலாம். ‘காலைல இருந்து நல்லாத் தூங்குது சிஸ்டர்’ என்று தாய் சொல்வாள். ராத்திரி முழுக்க இளைத்த குழந்தை தூங்குவதைக் கேட்டு வார்டுக்கே நிம்மதியாக இருக்கும். அந்த வாக்கியம்தான் மணி அடிக்க வேண்டிய இடம். தூங்கும் குழந்தை மூக்கைச் சுத்தம் செய்யும்போது முகத்தைச் சுளித்துத் திமிறும். மூளை வீங்கிய குழந்தை அதையும் பொருட்படுத்தாது. மூச்சு நின்று நின்று வருவதும் அதேபோல் சோடியக் குறைவின் அடையாளமாகலாம். இளம் சிசுவில் ஆர்.எஸ்.வி.யே மூச்சை நிறுத்தும் என்பதால் சோடியத்தைப் பார்க்கத் தோன்றாமல் போகும்.

வலிப்பு வந்துவிட்டால், மூன்று மாதக் குழந்தைக்கு அதைக் காய்ச்சல் ஜன்னி என்று எழுதி ஒதுக்கக் கூடாது. காய்ச்சல் வலிப்பின் வயது ஆறு மாதத்துக்கு மேல்தான். சர்க்கரை, சோடியம், கால்சியம் மூன்றையும் உடனே பார்க்க வேண்டும். சோடியக் குறைவால் வரும் வலிப்பு மிடசோலம், பினோபார்பிடோன் போன்ற மருந்துகளுக்கு எளிதில் அடங்காது. மேலும் மேலும் கொடுத்தால் ஏற்கெனவே திணறும் மூச்சுதான் அடங்கும். இதற்கு மருந்து உப்பு. 3 விழுக்காடு சலைனைக் கிலோவுக்கு 3 முதல் 5 மில்லி வரை, பத்துப் பதினைந்து நிமிடத்தில், மூத்த மருத்துவரின் உத்தரவோடு ஏற்றினால் சோடியம் மூன்று நான்கு புள்ளி உயரும். வலிப்பு நிற்க அது பெரும்பாலும் போதும். பல வார்டுகளில் இதே திரவம் நெபுலைசருக்காக அலமாரியில் இருக்கும். நரம்பில் ஏற்றத் தக்க பாட்டிலாக இருந்தால் அது இதற்கும் உதவும் என்பது நடுராத்திரியில் நினைவுக்கு வருவதில்லை. வலிப்பு நின்ற பிறகு நிதானம் வேண்டும்: ஒரு நாளில் எட்டுப் பத்துப் புள்ளிக்கு மேல் உயர்ந்தால் மூளை நரம்புகளின் உறை சிதையும் அபாயம் உண்டு. கம்பத்திலிருந்தோ உத்தமபாளையத்திலிருந்தோ க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், அங்கிருந்து மதுரைக்கும் 108 ஆம்புலன்சில் அனுப்பும்போது சீட்டில் எழுத வேண்டியது ஆக்சிஜன் அளவு மட்டுமல்ல. என்ன திரவம், எத்தனை மில்லி, எத்தனை மணி நேரம் என்பதும்.

டிரிப்பே போடாமல் சமாளிக்க முடிந்தால் அது இன்னும் மேல். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவமனைகளில் 759 குழந்தைகளை வைத்து நடந்து 2013இல் வெளியான ஆய்வில், மூக்குக் குழாய் வழியே ஊட்டப்பட்டவர்களும் டிரிப் போடப்பட்டவர்களும் மருத்துவமனையில் தங்கிய நாட்கள் ஏறக்குறைய ஒன்றுதான்; குழாய் பெரும்பாலும் முதல் முயற்சியிலேயே இறங்கியது, நரம்பு அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை. தாய்ப்பாலைப் பிழிந்து குழாயில் விடலாம். ஆனால் தாய்ப்பாலிலும் சோடியம் குறைவு. கடும் இளைப்பில் குழாய்ப் பாலும் அளவுக் கணக்கில் சேரும். பாலுக்கு ஹார்மோன் விலக்கு கொடுப்பதில்லை.

வீட்டுத் தண்ணீரும் கணக்கில் சேரும். சளி பிடித்த குழந்தைக்குக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், ஓமத் தண்ணீர், சீனித் தண்ணீர், நீர்க்கக் கலந்த பால்பவுடர் என்று சங்கடையில் புகட்டுவது இந்தப் பக்கத்தில் பாட்டிகளின் அன்பு. அவர்கள் கொடுப்பது உப்பில்லாத திரவம், ஐசோ-பியையும் மிஞ்சியது. சேர்க்கைக் குறிப்பில் ‘வீட்டில் தண்ணீர் கொடுத்தீர்களா, எத்தனை தடவை’ என்று அதட்டாமல் கேட்டு எழுதினால் பாதிக் கணக்கு அங்கேயே கிடைத்துவிடும். அதட்டினால் ‘இல்லை’ என்ற பதில்தான் வரும். வார்டிலும் தாய் கட்டிலுக்கடியில் வைத்திருக்கும் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுவிடலாம்.

நோய் தணியும் நாளில் அடைபட்ட மதகு தானாகவே திறந்துகொள்கிறது. குழல்கள் திறந்து, சிக்கிய காற்று வெளியேறியதும் இதயத்துக்கு ரத்தம் பழையபடி வரும். உணர்விகள் சரியான செய்தி அனுப்பும். ஹார்மோன் ஓரிரு நாளில் இறங்கிவிடும். அடைத்து வைத்த நீரெல்லாம் ஒரேயடியாக வெளியேறும்: துணி மேல் துணியாக நனையும், எடை இறங்கும், சோடியம் தானே ஏறும். அந்த நேரத்தில் 3 விழுக்காடு சலைனோ முந்தைய நாளின் கட்டுப்பாடோ பழக்கத்தில் தொடர்ந்துகொண்டிருந்தால் சோடியம் வேகமாக மேலே போய்விடும். அதனால் நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு தடவை சோடிய அளவு பார்த்து, டிரிப்பைப் படிப்படியாக இறக்கி, குழாயை எடுத்து, குழந்தையைத் தாயின் மார்பில் விட வேண்டிய கட்டம் அது. குழந்தை பத்து நிமிடம் மூச்சு வாங்காமல் தொடர்ந்து பால் குடித்தால் கையில் உள்ள ஊசிக்கு அதற்கு மேல் வேலை இல்லை.